ஒரே கம்பியில் கோத்த ஐஸ் பிளாண்ட்

போன வாரம், நம் பேனல் ஷாப்பில் வேலை செய்யும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். புதிதாகக் கட்டிய ஒரு மின்கட்டுப்பாட்டுப் பேனலின் உட்புறம். பி.எல்.சி.யின் ரிலே அவுட்புட்டுகளுக்கு நடுவே வருகிற பொது முனைகள் அத்தனையையும் ஒரே சிவப்புக் கம்பியால் வரிசையாகக் கோத்திருந்தார். படத்தின் கீழே ஒரு கேள்வி: "நீட்டா இருக்கா சார்?"

மிக நீட்டாக இருந்தது. கம்பியின் வளைவுகள்கூட ஒரே அளவு. நானும் ஒரு காலத்தில் இதே போலக் கோத்தவன்தான்; என் வளைவுகள் இன்னும் கொஞ்சம் அழகாக இருந்ததாக ஞாபகம். அதனால்தான் கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பாமல் இதை எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குக் குறைவில்லை. கரமனை ஆற்றோரம் ஒரு நடை, ஒரு பத்திரிகை, மனைவி சொல்லும் கடை வேலை என்று பதினோரு மணிக்கே என் அன்றைய அலுவல்கள் முடிந்துவிடுகின்றன. குறை சொல்லவில்லை. நாற்பது வருடம் பிறருடைய யந்திரங்கள் நின்றுபோனதற்கு ஓடியவனுக்கு, எதுவும் நின்றுபோகாத ஒரு பகல் நல்ல பரிசு.

உங்கள் வீட்டார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சில வரிகள். பி.எல்.சி. என்பது, தொழிற்சாலையில் எந்த யந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற சிறு கணினி. அதன் முடிவைச் செயலாக்க உள்ளே ரிலேக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் தீக்குச்சித் தலை அளவுக்கு இரண்டு உலோக முனைகள். அவை ஒட்டினால் மின்சாரம் போகும், பிரிந்தால் நிற்கும். பல ரிலேக்களுக்குச் சேர்த்து மின்சாரம் உள்ளே வருகிற இடத்தைப் பொது முனை என்போம். முனைகள் வெளியே தெரியாது. அவற்றுக்குப் பதிலாக நமக்குத் தெரிவது ஒரு சின்னப் பச்சை விளக்கு. அந்த விளக்கை நம்பித்தான் நம் தொழிலில் பாதி நடக்கிறது.

விதிகள் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. நம் பேனல் ஷாப்பில் தரநிலைப் புத்தகத்தை யாரும் திறக்க மாட்டார்கள், என்னைக் கேட்பார்கள். எந்தக் கம்பிக்கு எந்த நிறம், எந்த முனைக்கு எவ்வளவு இறுக்கம் என்று பக்க எண்ணோடு சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். இப்படிப்பட்ட ஒருவன், எந்த விதியையும் வெளிப்படையாக மீறாமல், ஒரு மனிதனின் கையைப் பறிக்க எவ்வளவு அருகில் போக முடியும் என்பதுதான் நான் சொல்லப்போவது.

விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே ஒரு ஐஸ் பிளாண்ட். பெயர் வேண்டாம். இரண்டு அம்மோனியா கம்ப்ரஸர்கள், ஒரு பெரிய உப்புநீர்த் தொட்டி, அதில் வரிசையாக இறக்கிய தகரக் கூடுகள். கூடுகளிலிருந்து இடுப்புயர ஐஸ் கட்டிகள் வரும். கடலுக்குப் போகிற படகுகளுக்குக் கட்டி உதவாது, உடைத்த ஐஸ்தான் வேண்டும். உடைப்பதற்கு ஒரு கிரஷர்: இரும்புப் பற்கள் பதித்த ஓர் உருளை, மேலே வாய், கீழே சரிவு. மீன் சாப்பிடாத என்னைப் போன்றவனுக்கு அந்த இடத்தில் மூக்குதான் முதலில் ஓய்வு பெறும்.

கிரஷரை ஓட்டியவர் மரியதாசன். குமரிக் கடற்கரையிலிருந்து வந்து விழிஞ்ஞத்தில் குடியேறியவர், அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. பழைய பேனல் சுவரில் அறைந்த ஒரு மரப்பலகை. கிரஷருக்கென்று மூன்று பீங்கான் ஃப்யூஸ்கள் அதில் இருந்தன. கிரஷர் வாயில் ஏதாவது சிக்கினால் மரியதாசன் முதலில் செய்வது, அந்த மூன்று ஃப்யூஸ்களையும் உருவி (அவர் பேச்சில் 'ஊரி') எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. பிறகுதான் கையை உள்ளே விடுவார். மூன்றும் பையில் கிடந்து உரசும் சத்தம் கேட்டால், அவர் உள்ளே கைவிட்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பலகையை எடுத்துவிட்டுப் புதிய பேனல் வைக்கிற வேலை எங்களுக்கு வந்தது. வரைந்தது நான். அதில் நான் பெருமைப்பட்ட நான்கு விஷயங்கள் இருந்தன. மெயின் சுவிட்சை அணைத்தால் ஒழியக் கதவு திறக்காது. யாரும் மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட முடியாது. கதவு அப்படிப் பூட்டியிருப்பதால், மோட்டார் திணறும்போது இணைப்பைத் துண்டிக்கிற ஓவர்லோட் ரிலேயை, சூடு ஆறியதும் தானே பழைய நிலைக்குத் திரும்பும்படி வைத்தேன். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்க வேண்டும். பி.எல்.சி.யின் பொது முனைகளை எல்லாம் ஒரே கம்பியில் கோத்து, அந்தக் கம்பியை ஒரே ஒரு சிவப்பு அவசரப் பொத்தானின் வழியாகக் கொண்டுவந்தேன். அமுக்கினால் பிளாண்ட் மொத்தமும் நிற்கும். கிரஷர் மோட்டாரை இயக்குகிற பெரிய மின்காந்த சுவிட்சான கான்டாக்டரை, நடுவில் வேறு ரிலே எதுவும் வைக்காமல், பி.எல்.சி.யின் முனையிலிருந்தே நேராக ஓட்டினேன். முனை அந்தச் சுமையைத் தாங்கும் என்று கையேட்டில் போட்டிருந்தது. இடமும் மிச்சம்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் நியாயம் சொல்லலாம். சேர்த்துப் பார்க்கச் சொல்லும் பக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பேனலை ஓட்டிக் காட்டிய நாளில் மரியதாசன் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"சாரே, எனக்க ஃப்யூஸ் எங்க?"

"ஃப்யூஸ் காலம் போயாச்சு மரியதாசன். இப்ப எல்லாம் பிரேக்கர். உள்ளே இருக்கு."

"உள்ள இருந்தா நான் எப்பிடி ஊருவேன்?"

"ஊரவே வேண்டாம். இந்தப் பட்டனை அமுக்கினா நிக்கும். கதவுக் கண்ணாடி வழியா பாருங்கோ, பச்சை லைட் அணைஞ்சுதுன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தம்."

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "லைட்டப் பையில போட முடியாதுல்லா" என்றார்.

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்து அலுவலகத்தில் நான்கு பேரிடம் சொன்னேன். அது நகைச்சுவை அல்ல, ஆட்சேபம் என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

எட்டு மாதம் கழித்து ஒரு பிற்பகல், வழக்கமான பராமரிப்பு என்று நான் அங்கே போயிருந்தேன். கீழே ஆறு படகுகள் ஐஸுக்குக் காத்திருந்தன. படகுக்காரர்கள் கூடைகளோடு மேலேயே வந்து நின்றார்கள். அவசரத்தில் ஒருவர் தானே ஒரு கட்டியை இழுத்துக் கிரஷர் வாயில் தள்ளினார். இழுத்த இரும்புக் கொக்கியும் கட்டியோடு சேர்ந்து உள்ளே போயிற்று. பற்களுக்கு நடுவே கொக்கி மாட்டி உருளை இறுகியது. மோட்டார் உறுமியது, விளக்குகள் மங்கின, பேனலுக்குள் கான்டாக்டர் சில விநாடிகள் படபடத்தது. பிறகு ஓவர்லோட் துண்டித்து எல்லாம் அடங்கியது. மரியதாசன் கிரஷரை நிறுத்தும் பொத்தானை அமுக்கினார்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கிரஷருக்கான பச்சை விளக்கு அணைந்திருந்தது. "சரி, கொக்கியை எடுத்துடுங்கோ" என்றேன்.

மரியதாசன் அசையவில்லை. "மெயினை அணைங்க சாரே."

மேனேஜர் ஓடி வந்தார். திருவனந்தபுரத்துக்காரர், மலையாளத்தில் யோசித்து எங்களுக்காகத் தமிழில் பேசுகிறவர். "மெயினோ? எந்தா சாரே இது! மெயின் போனா கம்ப்ரஸர் ரெண்டும் நிக்கும். திரும்ப ஸ்டார்ட் பண்ண முக்கால் மணிக்கூர் வேணும். தொட்டியில கட்டி உருக ஆரம்பிக்கும்."

"அப்போ அந்தச் சுவப்புப் பட்டனை அமுக்குங்க" என்றார் மரியதாசன்.

"அதும் எல்லாத்தையும் நிறுத்தும் அல்லே!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பாதுகாப்புக்கென்று நான் வைத்திருந்த இரண்டு வழிகளும் முக்கால் மணி நேர விலை கேட்டன. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு கொக்கியை எடுக்க முழுப் பிளாண்டையும் நிறுத்த வேண்டும் என்று நீங்கள் வரைந்தால், யாரும் நிறுத்த மாட்டார்கள். கையைத்தான் விடுவார்கள். குற்றம் கையின் மேல் விழும்.

அப்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. ஆறு படகு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது மட்டும்தான் தோன்றியது. "அவுட்புட் அணைஞ்சாச்சு. லைட் இல்லை. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சாரே, ரெண்டு நாளா நிறுத்தினா இது ஒடனே நிக்கது இல்ல. ஒரு இழுப்பு இழுத்துட்டாக்கும் நிக்கது."

"உருளையோட வேகம். கனமான சக்கரம் உடனே நிக்காது."

"எட்டு மாசம் ஒடனே நின்னுதே. முந்தாநேத்துதான் கனம் கூடிச்சா?"

படகுக்காரர்கள் சிரித்தார்கள். இன்று யோசித்தால் அது பேனல் எஞ்சினியருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த தகவல். பி.எல்.சி.யின் முனைகள் ஒட்டத் தொடங்கி, பிரியத் தாமதித்திருக்கின்றன. அதை எந்தக் கருவியும் இல்லாமல் காதாலேயே அளந்து ஒருவர் என்னிடம் சொல்கிறார். நான் அவருக்கு இயற்பியல் பாடம் எடுக்கிறேன்.

மேனேஜர் பொறுமை இழந்து, பயமா என்று கேட்டார். "எந்தா மரியதாசா, பேடியா? சார் அல்லே பறையுறது? சார் வரைஞ்ச பேனல்!"

"பேனல் சாருக்க. கை எனக்க."

"அப்போ ஜோலி வேண்டாம்னு அர்த்தம். வீட்டுக்குப் போய்க்கோ. வேற ஆள் வச்சு எடுக்கலாம்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். மரியதாசன் கையுறைகளைக் கழற்றிக் கிரஷரின் விளிம்பில் வைத்தார். பதினெட்டு வருட வேலை என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் உறுதி சொன்ன பிறகும் ஒருவர் வேலையை விடத் தயாராக இருக்கிறார் என்றால், என் உறுதிக்கு என்ன மதிப்பு? சட்டைக் கையை மடித்துக்கொண்டு நானே கிரஷர் அருகே போனேன்.

வாய்க்கு மேல் என் கை நீண்டபோது மரியதாசன் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஐஸ் தூக்குகிற கை. உதற முடியவில்லை.

"சாரே, பத்தே நிமிசம். ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க. அப்பவும் இது சும்மா கெடந்தா நானே எடுத்துத் தாறேன்."

"கையை விடுங்கோ."

"விடமாட்டேன். வேலதான் போயாச்சே, இனி நீங்க என்ன செய்யப் போறியள்?"

நான் மறுபடி கையை உதறப் பார்த்தபோது, கையெட்டும் தூரத்திலிருந்த பேனலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். கான்டாக்டர் ஒட்டிய சத்தம். கிரஷர் அலறிக்கொண்டு சுழன்றது. கொக்கி இரண்டு துண்டாகி, ஒரு துண்டு கூரைத் தகரத்தில் மோதி விழுந்தது. கூடைக்காரர்கள் சிதறி ஓடினார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மோட்டார் ஓடுகிறது, பச்சை விளக்கு அணைந்தே இருக்கிறது. பி.எல்.சி.யைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக நின்றுவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். கான்டாக்டர் படபடத்தபோது பி.எல்.சி.க்குள் இருந்த முனைகள் பொறியில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. விளக்கு காட்டுவது பி.எல்.சி. இட்ட கட்டளையை. கட்டளை நிறைவேறியதா என்று விளக்குக்குத் தெரியாது. மோட்டாரைத் தடுத்து வைத்திருந்தது சூடேறிய ஓவர்லோட் ரிலே மட்டும். அது ஆறியதும், நான் வைத்தபடியே, தானாகத் திரும்பிவிட்டது. நான்கு பெருமைகளும் கைகோத்து வேலை செய்தன.

நான் மறு கையால் பேனலின் சிவப்புப் பொத்தானை அறைந்தேன். கிரஷர், கம்ப்ரஸர்கள், தொட்டி நீரைக் கலக்கும் துழாவி, எல்லாம் நின்றன. கீழே படகுகளில் நீர் மோதுகிற ஓசை மேலே கேட்டது. மரியதாசன் அப்போதுதான் என் மணிக்கட்டை விட்டார். நான்கு விரல் தடம் சிவந்திருந்தது.

முதலில் பேசியவர் மேனேஜர். என்னை ஒதுக்கிக் கூட்டிப்போய், தணிந்த குரலில் சொன்னார்: "சாரே, ரிப்போர்ட்ல கொக்கி விழுந்ததுன்னு மட்டும் எழுதினா போதும். ஆபரேட்டருக்க கவனக்குறைவு. சாருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. அவன் எப்படியும் போற ஆளு."

இப்படிச் சொன்னதற்காக அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவர் எனக்கு ஓர் உதவி செய்ய முன்வந்தார். இந்தத் தொழிலில் அந்த உதவி உங்களுக்கும் ஒருநாள் கிடைக்கும். அநேகமாக நீங்கள் கேட்காமலே. நான் ஒரு கணம் தயங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தயங்கினேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. எனக்கு ஒரு பெயரும் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்ப்பதற்கு ஒரு மணிக்கட்டு இருக்கிறதே என்பது சற்றுத் தாமதமாக உறைத்தது.

அங்கேயே, தொட்டியின் மூடியில் தாளை வைத்து எழுதினேன். காரணம் ஒன்றல்ல, நான்கு. நான்கும் வரைபடத்தில் உள்ளவை. வரைந்தவர் பெயர் இன்னது. கீழே செய்ய வேண்டியவை: கிரஷரின் அவுட்புட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனிப் பொது முனை, தனி ஃப்யூஸ். பி.எல்.சி.க்கும் கான்டாக்டருக்கும் நடுவே சுலபமாகக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு ரிலே. கான்டாக்டர் சுருளின் குறுக்கே பொறியை அடக்க ஒரு மின்தேக்கிக் கூட்டு. ஓவர்லோடைக் கையால் அமுக்கினால்தான் திரும்ப வேண்டும். கிரஷரின் பக்கத்திலேயே, அதன் மின்சாரத்தை மட்டும் துண்டிக்கிற, பூட்டுப் போடக்கூடிய ஒரு சுவிட்ச். சாவி கிரஷர் ஓட்டுகிறவரிடம். ஆபரேட்டர் தவறு ஏதும் செய்யவில்லை. அவர் தடுத்திராவிட்டால் இந்த அறிக்கையை வேறொருவர் எழுதியிருப்பார்.

எழுதி முடித்து, படகுக்காரர்களுக்கும் புரியட்டும் என்று மலையாளத்தில் உரக்கப் படித்தேன். எல்லோர் முன்னாலும் போகச் சொன்னவரை, எல்லோர் முன்னாலும்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். மேனேஜர் முகம் சிவந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதை நான் மறக்கவில்லை.

பிறகு, எல்லாம் சரியாகிவிட்டது என்ற தோரணையில் கை தட்டினார். "செரி மரியதாசா, ஜோலி உனக்கு உண்டு. கிரஷர் இனி நாளைக்குத்தான் ஓடும். சம்மட்டியை எடு, கையாலே உடைக்கலாம். போட்டெல்லாம் நிக்குது பாரு."

மரியதாசன் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். "என்னைய வீட்டுக்குப் போகச் சொன்னியளே."

"அது அப்போ சொன்னது அல்லே!"

"சொன்னா கேக்கணும்லா. மேனேஜர் சொல்லி நான் எதையாங்கிலும் கேக்காம இருந்திருக்கேனா? நாளைக்கு வாறேன்." என் பக்கம் திரும்பி, "சாரே, கைக்கு வெளிச்செண்ண தடவுங்க" என்றார்; தேங்காய் எண்ணெயைத்தான் சொன்னார். போய்விட்டார்.

ஆகவே அன்று ஆறு படகுகளுக்கும் ஐஸ் உடைத்தது நானும் மேனேஜரும். மரச் சம்மட்டி ஆளுக்கு ஒன்று. கட்டி வழுக்கியது, சம்மட்டி வழுக்கியது, மேனேஜர் இரண்டு முறை வழுக்கினார். படகுக்காரர்களில் இரண்டு பேர் இரக்கப்பட்டுக் கைகொடுத்தார்கள். மற்றவர்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்து ஆலோசனை வழங்கினார்கள்.

"சாரே, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா அடிக்கிற மாதிரி அடிங்க! ஒற்றை அடி!"

"மேனேஜரே, சாருக்க கட்டி உடைஞ்சு, உங்களுக்க கட்டி இப்பவும் முழுசு!"

பி.எல்.சி.யைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஆறாவது படகு இருட்டுவதற்குள் புறப்பட்டது. வீட்டுக்கு வந்து கையைத் தூக்க முடியாமல் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டேன். மனைவி என்னவென்று கேட்டாள், வேலை என்றேன். "ஆபீஸ் வேலைல இத்தனை நாளும் இப்படிக் கை வலிச்சதில்லையே" என்றாள். உண்மைதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கருவிப் பெட்டியோடு போனேன். மரியதாசன் எனக்கு முன்பே வந்திருந்தார். மூலையில் நாங்கள் மிச்சம் வைத்த ஐஸ் கிடந்தது. அதிலிருந்து தலையளவு ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு உடைச்சது?"

மேனேஜர் என்னைக் காட்டினார். நான் மேனேஜரைக் காட்டினேன்.

"இதை மீனுக்கு மேல போட்டா மீன் சதைஞ்சு போவும். அங்க கட்டுற புதுத் துறைமுகத்துல கடல்ல போடப் பாறை கேக்காங்க. கொண்டு குடுங்க."

துண்டைத் தொட்டியோரம் வைத்துவிட்டு, விளிம்பில் கிடந்த கையுறைகளை எடுத்து உதறி மாட்டிக்கொண்டார். "செரி சாரே, எனக்க சுவிட்சை எங்க வைக்கப் போறியள்?"

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். கிரஷருக்கு வலப்பக்கம், தரையிலிருந்து இத்தனை உயரம், விதிப்படி. அவர் அந்த இடத்தில் போய் நின்றார். கட்டி இழுத்து வரும்போது தண்ணீர் அங்கேதான் தெறிக்கும் என்றார். பிறகு நான்கடி தள்ளி, இடப்பக்கத் தூணில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

பென்சிலை எடுத்து அவருடைய உள்ளங்கையைச் சுற்றிக் கோடு போட்டேன். துளை போடும் கருவியை அவர் எடுத்துக் கொடுத்தார்.